இன்னைக்கு எட்டாம் நாள்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி ஒன்று இருந்தது. கீழே தேனி, உசிலம்பட்டி என்று கண்டக்டர்கள் கூவுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்கும். வெளியூர் வாடிக்கையாளர்களோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் முதலாளி அழகுராஜா ஜன்னலைச் சாத்தச் சொல்வார். சாத்தினாலும் கேட்கும்.

கம்பெனியின் பிழைப்பு மூன்று செயலிகளில் ஓடியது. ஒன்று வேன் வாடகைக்கு, ஒன்று பந்தலுக்கு, ஒன்று சமையல் பாத்திரத்துக்கு. விசேஷ வீட்டுக்காரர் ஒரு செய்தி அனுப்பினால் போதும், செயலி அதைப் படித்துத் தேதியைக் குறித்துக்கொள்ளும். ஆனால் மதுரைப் பக்கத்தில் யார் தேதி போட்டு அனுப்புகிறார்கள்? 'வர்ற புதன்', 'அமாவாசைக்கு மறுநாள்', 'செவ்வாய் விடிஞ்சா புதன்' என்றுதான் வரும். இதையெல்லாம் தேதியாக மாற்ற மூன்று செயலிகளிலும் மூன்று பேர் தனித்தனியாக நிரல் எழுதி வைத்திருந்தார்கள். மூன்றும் மூன்று விதமாகப் புரிந்துகொண்டன. போன தை மாதம் ஒரே கல்யாணத்துக்கு வேன் செவ்வாயும் பந்தல் புதனும் பாத்திரம் வியாழனும் போய் இறங்கின. பெண் வீட்டார் ஆபீஸுக்கே வந்து, ஜன்னலைச் சாத்தத் தேவையில்லாத அளவுக்குச் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் பாண்டிமீனா வாயைத் திறந்தாள். திருவாதவூர்க்காரி. ஆரப்பாளையத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமாக அடுத்தவர் எழுதியதில் ஓட்டை அடைப்பதே அவள் வேலையாக இருந்தது. ஒரு செயலியில் அடைத்த ஓட்டையை மறுபடி அடுத்த இரண்டிலும் போய் அடைக்க வேண்டும். அவளுக்கு அலுத்துவிட்டது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருளாவது செய்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

"சார், இந்தத் தேதி பாக்குற வேலைய மட்டும் தனியாப் பிரிச்சு ஒரு பேக்கேஜாக் கட்டிரலாம். மூணு ஆப்பும் அதையே எடுத்துக்கிரட்டும். தப்பு வந்தா ஒரு எடத்துல திருத்துனாப் போதும்" என்றாள்.

பேக்கேஜ் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு வேலையைச் செய்யத் தெரிந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பொட்டலம் கட்டி, பெயரும் எண்ணும் போட்டு, இணையத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கிடங்கில் வைப்பார்கள். வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் செயலியில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு எண்ணில் வெளியே போனது போனதுதான். அதற்குள் கை வைக்க முடியாது, திருத்தினால் அடுத்த எண்ணில்தான் விட வேண்டும்.

அழகுராஜா தாடையைத் தடவினார். "பத்து நாள் எடுத்துக்கம்மா. ஆனா ஒண்ணு சொல்லிப்புட்டேன். ஒரே ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் பழையபடி மூணையும் தனித்தனியாப் பாத்துக்கிருவோம். அப்புறம் பேக்கேஜுங்கிற பேச்சே இந்த ஆபீஸ்ல இருக்கக் கூடாது."

அவள் அதற்கு 'என்னைக்கு' என்று பெயர் வைத்தாள். கிடங்கில் அந்தப் பெயரில் வேறு யாரும் எதையும் வைத்திருக்கவில்லை. உலகத்தில் ஒரு பெயர் தனக்காகக் காலியாகக் கிடந்ததில் அவளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

மூன்று நிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நல்லதை எடுத்து, கெட்டதைக் கழித்து ஒன்றாக்கினாள். பிறகு சோதனைகள் எழுதினாள். 'வர்ற புதன்' என்று கொடுத்தால் இந்தத் தேதி வர வேண்டும், 'செவ்வாய் விடிஞ்சா புதன்' என்றால் புதன் அதிகாலை வர வேண்டும் என்று இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்கப் பச்சை டிக்.

ஆபீஸில் சோதிக்கிற வேலை சோலைக்கு. உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம், இப்போது மதுரையில் குடியிருப்பு. அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கே பிறவி எடுத்தவன், அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான் என்பதால் யாரும் அவனை அடிக்கவில்லை. பாண்டிமீனா ஆசையாசையாகக் கட்டிக் கொடுத்த முதல் பொட்டலத்தை அவன் ஒரு காலி ஃபோல்டரில் பிரித்துப் பார்த்தான்.

"மீனா, ஊர்ல இருந்து முறுக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டு வெறும் டப்பாவ அனுப்பியிருக்க. உள்ள நிரலையே காணோம்."

எதை உள்ளே வைக்க வேண்டும் என்று எழுதும் பட்டியலில் நிரல் இருக்கிற ஃபோல்டரை அவள் சேர்க்காமல் விட்டிருந்தாள். பெயர், விளக்கம், நன்றியுரை எல்லாம் இருந்தன. நல்லவேளை, அது வெளியே விடுவதற்கு முந்தைய ஒத்திகை. அதிலிருந்து எதைக் கட்டினாலும் சோலை, "முறுக்கு இருக்கா?" என்று கேட்பதும் அவள் பல்லைக் கடிப்பதும் வழக்கமாகிவிட்டது.

பதின்மூன்றாம் தேதி, புதன்கிழமை மத்தியானம், 'என்னைக்கு' 1.0.0 வெளியே போனது. மூன்று செயலிகளும் அதற்கு மாறின. பாண்டிமீனா அன்று சாயங்காலமே அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு திருவாதவூருக்குப் பஸ் ஏறினாள். அவள் என்ன செய்தாள் என்பது அம்மாவுக்குப் புரியவில்லை, அல்வா புரிந்தது.

மறுநாள், வியாழக்கிழமை, சோலை ஒரு காரியம் செய்தான். அவன் அக்கா மகளுக்கு அடுத்த வியாழன் உசிலம்பட்டியில் காதுகுத்து. ஒன்றரை வயசு மருமகள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள், அவன் வராமல் ஊசி எடுக்க மாட்டார்கள். இதில் சோலை இன்னும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி, வேன், பந்தல், பாத்திரம் மூன்றும் தன் பொறுப்பு என்று அத்தானிடம் சொல்லியிருந்தான். மூன்று செயலிகளுக்கும் ஒரே செய்தியைத் தட்டினான்: 'இன்னைக்கு எட்டாம் நாள் வேணும்.'

மூன்றிலிருந்தும் பதில் வந்தது. மூன்றிலும் ஒரே தேதி.

"பாத்தியா மீனா, மூணும் ஒண்ணு போலச் சொல்லுது. டெஸ்ட் பாஸ்" என்றான். அவள் எழுந்து நின்று கும்பிட்டாள்.

அடுத்த புதன்கிழமை, இருபதாம் தேதி, காலையில் அவள் மேசையில் உட்காரும்போதே அம்மாவின் போன் வந்தது. "ஊருப் பக்கம் தலையக் காட்டவே மாட்டேங்குறியே, வந்துட்டுப் போயி எம்புட்டு நாளாச்சு?"

"எட்டு நாளுதானம்மா ஆச்சு, அதுக்குள்ளயா" என்று சொல்லி வைத்தாள். சோலை பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிக்குப் பந்தல்காரி தங்கப்பொண்ணு அழகுராஜாவைக் கூப்பிட்டாள். பந்தலும் பாத்திரமும் அவளுடையவை. இரண்டு செயலிகளிலும் பெரிய வாடிக்கையாளர். அழகுராஜா போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தார்.

"ஏண்ணே, காலையில ஒரு அம்மா கடை வாசல்ல வந்து உக்காந்துருச்சு. இன்னைக்கு அவுக வீட்டுல வளைகாப்பாம், பந்தல் எங்கன்னு கேக்குது. ஒங்க மெசின்ல நாளைக்குன்னு இருக்கு. நான் யாரைக் கேக்க?"

பாண்டிமீனா மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள். அந்தச் செய்தியைத் தேடி எடுத்தாள். போன புதன் அனுப்பியது. 'இன்னைக்கு எட்டாம் நாள் பந்தல் வேணும்.'

"அக்கா, பதிமூணும் எட்டும் இருவத்தொண்ணு. நாளைக்குத்தான். மெசினு சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றாள்.

"அதான. அந்தம்மா எண்ணத் தெரியாம எண்ணிருக்கும்" என்று சோலையும் சேர்ந்துகொண்டான். பேக்கேஜைச் சோதித்துப் பாஸ் போட்டவன் அவன் அல்லவா. "கூட்டல் கணக்குல என்னக்கா தகராறு?"

 தங்கப்பொண்ணு நிதானமாகக் கேட்டாள். "தம்பி, இந்தப் புதனுக்கும் அடுத்த புதனுக்கும் எத்தன நாளு?"

"எட்டு நாளு" என்றான் சோலை, யோசிக்காமல். சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது.

புதனிலிருந்து விரலை மடக்கினான். புதன் ஒன்று, வியாழன் இரண்டு என்று எட்டாவது விரல் புதனில் வந்து நின்றது. இன்றைக்கு என்பதையும் சேர்த்து எண்ணுகிற பழக்கம் இந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு. மெதுவாகப் பாண்டிமீனாவைத் திரும்பிப் பார்த்தான்.

"காலைல ஒங்கம்மாட்ட என்ன சொன்ன? போயி எட்டு நாளாச்சுன்னு சொன்ன. போன புதன்தான போன?"

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு வாரத்தை எட்டு நாள் என்று சொல்லி வளர்ந்தவள், விசைப்பலகையில் கை வைத்ததும் எட்டைக் கூட்டியிருந்தாள். நிரலை எழுதியவளும் அவளே, சரியான விடை இது என்று சோதனையில் எழுதியவளும் அவளே. இரண்டும் ஒன்றுக்கொன்று தலையாட்டி எப்போதும் பச்சையாகவே இருந்தன. முன்பு மூன்று செயலிகளும் மூன்று தேதி சொன்னதால் யாருக்காவது சந்தேகம் வந்தது. இப்போது மூன்றும் ஒற்றுமையாகத் தப்புச் சொன்னதால் ஒருவருக்கும் வரவில்லை.

சோலை அதற்குள் தன் போனை எடுத்திருந்தான். காதுகுத்துக்கு வந்த பதில்களைத் திறந்தான். மூன்றிலும் ஒரே தேதி. இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. மூன்றும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தவன், என்ன தேதி என்று பார்க்கவில்லை.

"நாளைக்குக் காதுகுத்து" என்றான். போனை அவளிடம் நீட்டினான். "பந்தலு, அண்டா, வேனு எல்லாம் நாளாண்ணைக்கு வருது. எங்க அத்தான் விருமாண்டி என்னையத்தான் வெட்டிக் கொழம்பு வைப்பாரு."

தங்கப்பொண்ணு போனில் சிரித்துவிட்டாள். "அந்த வளைகாப்பு அம்மாவுக்குப் பெருசு கட்ட நேரமில்லன்னு என் தெருவுலயே இருந்த சின்னப் பந்தலப் போட்டு அனுப்பிட்டேன் தம்பி. நாளைக்குன்னு அவுகளுக்காக எடுத்து வச்ச பெரிய பந்தலு குட்டியானை வண்டியில ஏத்துனபடி நிக்குது, அண்டாவையும் ஏத்திர்றேன். விலாசத்தச் சொல்லு, சாயங்காலமே போட்டுர்றேன்."

வேன் மட்டும் சிக்கவில்லை. அது ராமேஸ்வரம் போயிருந்தது, வியாழன் சாயங்காலம்தான் திரும்பும். தாய்மாமன் சீர் கொண்டுபோகிற இருபது பேருக்கும் வண்டி இல்லை. சோலை ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். உசிலம்பட்டி உசிலம்பட்டி என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார்.

பாண்டிமீனா அரை மணி நேரத்தில் கணக்கைத் திருத்தி, தப்பான விடை எழுதியிருந்த ஏழு சோதனைகளையும் மாற்றி, 1.0.1 என்று வெளியே விட்டாள். இந்த எட்டு நாளில் 'எட்டாம் நாள்' என்று எழுதியிருந்த இன்னும் நாலு பேருக்கும் போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, தேதியைச் சரி செய்தாள். பிறகு அழகுராஜா முன்னால் போய் நின்றாள்.

"கம்ப்ளைண்ட் வந்துருச்சேம்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "நாளைக்கு விசேஷம் முடியட்டும், பேசுவோம்."

மறுநாள் காலை ஆறரை மணிப் பஸ்ஸில் தாய்மாமன் சீர் ஏறியது. பழத்தட்டு, இனிப்புத்தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு, வெள்ளிக்கொலுசுத் தட்டு என்று பதினொரு தட்டும் பதினொரு மடியில் உட்கார்ந்தன. சீர்க் கிடாவைக் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அது முந்தின நாளே தங்கப்பொண்ணுவின் குட்டியானையில், தன்னைச் சமைக்கப் போகிற அண்டாவோடு போயிருந்தது. பாண்டிமீனா ஜன்னலோரம் மடிக்கணினிப் பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"அதுவும் சீர்த்தட்டாம்மா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஆமாண்ணே" என்று சோலை பதில் சொன்னான்.

பந்தல் கம்பீரமாக நின்றது. ஒன்பது மணிக்கு நல்ல நேரம் தொடங்கியதும் சோலை மணையில் உட்கார்ந்தான், மருமகளை மடியில் வைத்தார்கள். ஆசாரி இரண்டு காதையும் கண்மூடித் திறப்பதற்குள் குத்திவிட்டார். குழந்தை ஒரே ஒரு தடவை வீறிட்டுவிட்டு வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டது. சோலைக்குத்தான் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை பந்தலில்லாத வெட்டவெளியில் தான் நின்றிருக்கக்கூடிய கோலம் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

பாண்டிமீனாவுக்கு ஒரு சந்தேகம் நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. 'எட்டாம் நாள்' சரி. 'எட்டு நாள் கழிச்சு' என்று ஒருவர் எழுதினால்? தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒரு நேரம் வியாழன் என்று தோன்றியது, ஒரு நேரம் வெள்ளி என்று தோன்றியது. தன் வாயை நம்பி ஒரு தடவை பட்டது போதும். பந்திக்குக் காத்திருந்தவர்களிடம் போய்க் கேட்டாள்.

"எட்டு நாள் கழிச்சு வாரேன்னு இன்னைக்குச் சொன்னா, என்னைக்கு வருவீங்க?"

"வர்ற வியாழன். இதுல என்ன கேள்வி" என்றார் ஒருவர்.

"அதெப்படி, எட்டு நாளும் கழியணும்ல. வெள்ளி" என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி.

"நான் அப்பிடிச் சொன்னேன்னா வரமாட்டேன்னு அர்த்தம்" என்றார் மூன்றாமவர்.

கால் மணி நேரத்தில் பந்தல் இரண்டாகப் பிரிந்தது. வியாழன் பக்கம் பதினாலு பேர், வெள்ளிப் பக்கம் பன்னிரண்டு பேர், வரமாட்டேன் பக்கம் ஒருவர். ஒரே வீட்டுக்குள் அண்ணன் வியாழன், தம்பி வெள்ளி. விருமாண்டி குழம்பு வாளியோடு வந்து பார்த்துவிட்டு, "மாப்ள, ஒங்க ஆபீஸ் பொண்ணு என் விசேஷத்துல பஞ்சாயத்தக் கூட்டிருச்சே" என்றார்.

பாண்டிமீனா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். இந்த இருபத்தேழு பேருக்கே தெரியாததை நிரலுக்குத் தெரிந்ததுபோல் ஏன் காட்ட வேண்டும்? மைக் செட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இதுவரை 'என்னைக்கு' எதைக் கேட்டாலும் ஒரு தேதியைச் சொல்லிவிடும். இனிமேல் சந்தேகம் வந்தால் இரண்டு தேதியையும் கொடுத்து, ஆளிடமே கேட்கச் சொல்லும். எடுத்துப் பயன்படுத்துகிறவர்களும் தங்கள் செயலியை அதற்கேற்றபடி மாற்ற வேண்டிய பெரிய மாற்றம் இது. அப்படி வந்தால் முதல் எண்ணையே மாற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் மரியாதை. 2.0.0.

இந்தத் தடவை சோதனைகளின் விடையை அவள் எழுதவில்லை. பந்தலில் இருந்தவர்கள் சொல்லச் சொல்ல சோலை எழுதினான், நெற்றியில் சந்தனத்தோடு. பேருந்து நிலையத்திலேயே கேட்காத சொற்களெல்லாம் கிடைத்தன. எல்லாம் முடிந்து பொட்டலம் கட்டி, காலி ஃபோல்டரில் பிரித்துப் பார்த்தான்.

"முறுக்கு இருக்கா?" என்று இப்போது அவளே கேட்டாள்.

"இருக்கு" என்றான். போனிலிருந்து இணையத்தைக் கொடுத்து வெளியே விட்டார்கள்.

அழகுராஜா பதினொன்றரைக்கு வந்து, மொய் எழுதிவிட்டு நேராகப் பந்தியில் உட்கார்ந்தார். பாண்டிமீனா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் இலைக்கு எதிரே போய் நின்றாள். 

"சார், நான் செஞ்சது தப்புதான். ஆனா அந்தத் தப்ப மூணு எடத்துல திருத்தல, ஒரே எடத்துல திருத்துனேன். பேக்கேஜ எடுக்காதீங்க சார்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அவசரப்படாதம்மா. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கு. எட்டு நாள் கழிச்சு முடிவு சொல்றேன்."

"வியாழனா வெள்ளியா சார்?"

அவர் கை இலையிலேயே நின்றது. குழம்பு ஒட்டிய விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார். இடப் பக்கத்து இலைக்காரர் வியாழன் என்றார். வலப் பக்கத்து இலைக்காரர் வெள்ளி என்றார். அழகுராஜா மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். 'எட்டு நாள் கழிச்சு' என்று எழுதியிருந்த கட்டத்துக்குக் கீழே, வியாழன் இருபத்தெட்டா, வெள்ளி இருபத்தொன்பதா என்ற கேள்வி நின்றது.

"இதத்தான் கேக்குதா ஒன் பேக்கேஜு?"

"ஆமா சார். தெரியாட்டித் தெரிஞ்ச மாதிரிக் காட்டாத, கேட்டுருன்னு சொல்லிக் குடுத்துருக்கேன்."

அழகுராஜா திரையை இன்னொரு தடவை படித்தார். பிறகு சிரிப்பு அவரை மீறி வந்துவிட்டது. "எனக்கே தெரியல. அது கேக்கட்டும். மூணுலயும் போட்டுரு."

"என்னைக்கு சார்?"

"இன்னைக்கு" என்றார், குழம்பு வாளிக்காரருக்கு இலையைக் காட்டிக்கொண்டே.